நொதித்தல் கூடத்துப் பம்புகள்: எதை எங்கே வைக்கலாம்

ஃபெர்மென்டர்களை, அதாவது நுண்ணுயிர்களை வளர்க்கும் மூடிய கலன்களை, ஓட்டுவதும், அவற்றைச் சுற்றி நிற்கும் பம்புகள் மக்கர் செய்தால் பதில் சொல்வதும் என் வேலை. பல வகைப் பம்புகளோடு பழகிவிட்டேன். புதிதாக நொதித்தல் கூடம் அமைப்பவர்கள், இருப்பதை விரிவாக்குபவர்கள் எந்த இடத்துக்கு எந்த வகை என்று கேட்கும்போது நான் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன். விற்பவர்கள் கொடுக்கும் கேட்டலாக்கில் ஓட்டமும் அழுத்தமும் போட்ட வளைகோடு ஒன்று இருக்கும். பெரும்பாலும் அது தண்ணீரை வைத்து எடுத்தது. கெட்டியான சர்க்கரைக் கரைசல், அம்மோனியா நீர், பாதி நுரையாக இருக்கும் ப்ராத் (நுண்ணுயிர் வளர்ந்த திரவம்), 80 டிகிரியில் வரும் காரக் கரைசல் என்று நாம் தள்ளப்போவதெல்லாம் வேறு. அதனால் அந்த வளைகோட்டை நான் கடைசியில்தான் பார்ப்பேன். முதலில் பார்ப்பது, இந்தப் பம்ப் நடு இரவில் கெட்டுப்போனால் என்ன ஆகும் என்பதை. ப்ராத் வெளியே வருமா, வெளிக்கிருமி உள்ளே போகுமா, இல்லை அலாரம் அடித்துவிட்டுச் சும்மா நிற்குமா? இதற்குப் பதில் தெரிந்தாலே பாதித் தேர்வு முடிந்துவிடும்.

அதற்கும் முன்னால் ஒன்று: அந்த இடத்தில் பம்ப் வேண்டுமா? விதை வளர்ப்பு நடக்கும் சின்னக் கலனான சீட் ஃபெர்மென்டரிலிருந்து பெரிய ஃபெர்மென்டருக்கு வளர்ப்பை மாற்றும் இடத்தில் பம்ப் வைக்கச் சொல்லி யாராவது வரைபடம் கொண்டுவந்தால் நான் கையெழுத்துப் போட மாட்டேன். சீட் கலனின் தலைப்பகுதியில் வடிகட்டிய தூய காற்றை ஏற்றினால் போதும். ஒரு பார் அழுத்த வித்தியாசம் ஏறத்தாழ 10 மீட்டர் தண்ணீரைத் தூக்கும். குழாய் முழுவதையும் 121 டிகிரி நீராவியில் கிருமி நீக்கிவிட்டு, ஆறும்போதும் தூய காற்றின் அழுத்தத்தை விடாமல் வைத்து, வால்வைத் திறந்தால் வளர்ப்பு தானாகப் போய்ச் சேரும். சுழலும் தண்டு இல்லை, தண்டைச் சுற்றிக் கசிவைத் தடுக்கும் சீல் இல்லை, கசிய இடமும் இல்லை. இங்கிலாந்தின் ஐசிஐ ரசாயன நிறுவனம் பில்லிங்ஹாமில் கட்டிய சுமார் 1500 கன மீட்டர் ஃபெர்மென்டரில் அத்தனை திரவத்தையும் சுற்ற வைத்தது காற்றுதான். உள்ளே கலக்கியே கிடையாது. அந்த அளவுக்கு எல்லோரும் போக வேண்டியதில்லை. ஆனால் கிருமியற்ற எல்லைக்குள் ஒரு பம்ப் குறைந்தால் ஒரு கவலை குறையும்.

சரி, பம்ப் இல்லாமல் முடியாத இடங்களுக்கு வருவோம். முதலில் ஃபீட், அதாவது வளர்ப்பு நடக்கும்போது சேர்க்கும் ஊட்டக் கரைசல்.

சர்க்கரை ஃபீடுக்குச் சின்ன, நடுத்தர அளவுகளில் பெரிஸ்டால்டிக் பம்ப்தான் என் முதல் தேர்வு. உருளைகள் ட்யூபை நசுக்கிக்கொண்டே நகரும். திரவம் ட்யூபைத் தவிர வேறு எதையும் தொடாது. அதுதான் இதன் பெரிய பலம். ட்யூபையும் ஃபீட் பாட்டிலையும் ஒன்றாக ஆட்டோகிளேவில் வைத்து எடுத்துவந்து, உருளைகள் இருக்கும் ஹெட்டில் பொருத்தி மூடினால் வேலை முடிந்தது. பம்பைக் கிருமி நீக்கும் கேள்வியே எழாது. தானாக உறிஞ்சும், காலியாக ஓடினாலும் உடனே பழுதாகாது.

ஆனால் இதன் அளவை அப்படியே நம்பிவிடக் கூடாது. புது ட்யூப் முதல் சில மணி நேரம் இளகிக்கொண்டே இருக்கும். நசுக்கியபின் பழைய வடிவத்துக்கு முழுதாகத் திரும்பாது. அதே சுழற்சி வேகத்தில் போகும் அளவு மெல்லக் குறையும். அதனால் புது ட்யூபைப் போட்டவுடனே அளவு சரிபார்ப்பதில் பயன் கொஞ்சம்தான். சிறிது நேரம் ஓடவிட்டு, அப்புறம் பார்க்க வேண்டும். எங்கள் மூத்த ஃபிட்டர் ட்யூபைக் கொஞ்சம் நீளமாகவே வெட்டி வைப்பார். உருளைக்கு அடியில் இருந்த பகுதி தட்டையாகிப் பளபளக்கத் தொடங்கியதும், அந்தத் துண்டு வெளியே வரும்படி ட்யூபை இழுத்துப் புதுப் பகுதியை உள்ளே விட்டுவிடுவார். பிறகு நேராக என்னிடம் வந்து, "தம்பி, ட்யூபை நகர்த்திட்டேன். பழைய கணக்கை வச்சு ஓட்டாதீங்க" என்பார். அந்த ஒரு வார்த்தை சொல்லாமல் விட்டால் அன்றைக்கு ஃபீட் வேகம் கூடிப்போகும், ஈஸ்ட் சர்க்கரை மிகுந்து ஆல்கஹால் செய்ய ஆரம்பித்துவிடும்.

ஃபீட் பாத்திரத்தை எடை அளக்கும் லோட் செல் மேல் வைத்து, எடை குறையும் வேகத்தைக் கொண்டு பம்பின் வேகத்தைத் திருத்தும்படி அமைத்துவிட்டால் இந்தத் தொல்லையில் பெரும்பகுதி போய்விடும். விலை உயர்ந்த, துல்லியமான பம்பை வாங்கிக் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டுவதைவிட, சாதாரணப் பம்போடு நல்ல லோட் செல் வைப்பது மேல் என்பது என் உறுதியான கருத்து. குழாய்கள் பாத்திரத்தை விறைப்பாக இழுத்துப் பிடிக்காமல் தொய்வாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் லோட் செல் குழாயின் இழுப்பையும் சேர்த்து எடை போடும்.

ட்யூப் வாங்கும்போது பலரும் உள் விட்டத்தை மட்டும் சொல்லி ஆர்டர் போடுகிறார்கள். சுவரின் தடிமனும் அதே அளவு முக்கியம். 1.6 மி.மீ. சுவருக்கு அமைத்த ஹெட்டில் அதைவிட மெல்லிய ட்யூபைப் போட்டால் உருளை முழுதாக நசுக்காது, திரவம் பின்னால் வழுக்கும். தடித்ததைப் போட்டால் மோட்டார் திணறும், ட்யூபும் சீக்கிரம் கிழியும். பொருளும் பார்க்க வேண்டும். பிளாட்டினம் முறையில் பதப்படுத்திய சிலிக்கோன் சுத்தமானது, ஆட்டோகிளேவைத் தாங்கும். ஆனால் நசுக்கலைத் தாங்கும் ஆயுள் குறைவு. ஃபார்மெட், மார்ப்ரீன், சான்டோப்ரீன் போன்ற தெர்மோபிளாஸ்டிக் ரப்பர் வகைகள் பம்ப் ஹெட்டுக்குள் பல மடங்கு அதிகம் உழைக்கும். நான் ஹெட்டுக்குள் இவற்றில் ஒன்றையும், மற்ற நீளத்துக்குச் சிலிக்கோனையும் வைத்து இணைப்பது வழக்கம். ட்யூபின் ஆயுளை நாளில் கணக்கிடுவதைவிட எத்தனை முறை நசுங்கியது என்று கணக்கிடுவது சரி. அதனால்தான் சின்ன ட்யூபை வேகமாக ஓட்டுவதற்குப் பதில் பெரிய ட்யூபை மெதுவாக ஓட்டச் சொல்கிறேன். கெட்டியான கரைசலுக்கு இது இன்னும் பொருந்தும்: நசுங்கிய ட்யூப் விரிந்து கெட்டித் திரவத்தை உள்ளே இழுக்க நேரம் வேண்டும், வேகத்தைக் கூட்டினால் பாதிதான் நிரம்பும். 60 சதவீதச் சர்க்கரைக் கரைசல் 20 டிகிரியில் தண்ணீரைப் போல ஐம்பது மடங்குக்கு மேல் பிசுபிசுப்பானது. 40 டிகிரிக்குச் சூடாக்கினால் அது மூன்றில் ஒரு பங்குக்கு இறங்கும். உறிஞ்சும் குழாயைக் கொஞ்சம் கதகதப்பாக வைத்தாலே பம்ப் மாற்ற வேண்டிய தேவை போய்விடுவதுண்டு.

இந்த வகையின் பெரிய ஆபத்து ட்யூப் வெடிப்பது. ஃபீட் தரையில் கொட்டுவது அதில் சின்ன விஷயம். ஃபெர்மென்டர் அழுத்தத்தில் இருக்கிறது. கிழிந்த ட்யூப் வழியாக ப்ராத் திரும்பி வெளியே வரும், பிறகு அழுத்தம் இறங்கினால் அதே வழியாக வெளிக்காற்று உள்ளே போகும். ஃபெர்மென்டர் பக்கத்தில் ஒரு பின்தடுப்பு வால்வு அல்லது பம்ப் நின்றதும் தானே மூடும் பின்ச் வால்வு, ஹெட்டுக்குள் ஈரம் பட்டால் அலாரம் அடிக்கும் சென்சார், இந்த இரண்டும் இல்லாமல் பெரிஸ்டால்டிக் பம்பைப் பெரிய ஃபெர்மென்டரில் பொருத்த வேண்டாம். சாதாரண ட்யூப் வகைகள் சுமார் 2 பார் வரை மட்டும்தான் வசதியாகத் தள்ளும். அதற்கு மேல் வேண்டுமென்றால் தடித்த ஹோஸ் போட்ட வகை இருக்கிறது, அதில் 16 பார் வரை போகிற மாதிரிகள் உண்டு. அவற்றில் உருளையோ ஷூவோ வழுக்கிச் செல்ல கிளிசரின் கலந்த மசகு நிரப்பியிருப்பார்கள். ஹோஸ் கிழிந்தால் அதுவும் ஃபீடோடு கலக்கும் என்பதை நினைவில் வைத்து மசகைத் தேர்ந்தெடுங்கள்.

பிஹெச் ஏற்றச் சேர்க்கும் அம்மோனியாவுக்குப் பெரிஸ்டால்டிக் பம்பைச் சின்னக் கலன்களில் தவிர நான் பரிந்துரைப்பதில்லை. ட்யூப் கிழிந்தால் கூடத்தில் நிற்க முடியாது. இங்கே பிடிஎஃப்இ (டெஃப்லான்) சவ்வு, அதாவது டயாஃப்ரம், முன்னும் பின்னும் அசைந்து அளந்து தள்ளும் டோசிங் பம்ப் நல்லது. ஸ்ட்ரோக்கின் நீளத்தையும் எண்ணிக்கையையும் தனித்தனியாக மாற்றலாம். அளவு துல்லியமாக வரும். ஆனால் இதை வாங்கியவர்கள் எல்லோரும் ஒரு கட்டத்தில் சொல்லும் புகார் ஒன்றுதான்: பம்ப் டிக் டிக் என்று அடிக்கிறது, பிஹெச் மட்டும் ஏறவில்லை. பெரும்பாலும் பம்ப் பழுதாகியிருக்காது. அம்மோனியா நீர் உறிஞ்சும் பக்கத்தில் அழுத்தம் குறைந்தால் ஆவியை விடும். அந்தக் குமிழி தலைக்குள் சேர்ந்துகொண்டு ஒவ்வொரு ஸ்ட்ரோக்கிலும் சுருங்கி விரிகிறது, திரவம் நகர்வதில்லை. காதை வைத்துக் கேட்டால் தெரியும்: வால்வுப் பந்து இருக்கையில் உட்காரும் கணீர் ஒலி போய், மந்தமான ஒலி வரும். டேங்கைப் பம்புக்கு மேலே வைத்து, உறிஞ்சும் குழாயை அகலமாகவும் குட்டையாகவும் போட்டு, நடுவில் மேடு இல்லாமல் பார்த்துக்கொண்டால் இது அனேகமாக வராது. வாயு வெளியேற்றும் தலையுடன் வரும் மாதிரிகளும் கிடைக்கின்றன. அம்மோனியாவுக்கு அதற்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணம் வீண் இல்லை.

பொருளில் கவனம் தேவை. பித்தளை, செம்பு எதையும் அம்மோனியா பக்கம் விடக் கூடாது. வைட்டான் என்ற ஃப்ளோரின் ரப்பர் எல்லா ரசாயனத்தையும் தாங்கும் என்று நினைத்து வால்வுகளுக்கு அதையே கேட்கிறார்கள். சாதாரண வைட்டானுக்கு அம்மோனியாவும் சூடான காரமும் ஆகாது. இபிடிஎம் ரப்பர் போடுங்கள். வெளியேறும் பக்கத்தில் பின்னழுத்த வால்வு கட்டாயம், இல்லாவிட்டால் டேங்க் உயரத்தில் இருக்கும்போது பம்ப் நின்றபிறகும் திரவம் தானாக ஓடிக்கொண்டிருக்கும். யாராவது வால்வை மூடிவிட்டுப் பம்பை ஓட்டினால் டயாஃப்ரம் கிழியும். அதற்கு ஒரு விடுவிப்பு வால்வு. 50 சதவீதக் காஸ்டிக் சோடாவைத் தள்ளுகிறவர்கள் அது சுமார் 12 டிகிரியிலேயே உறையத் தொடங்கும் என்பதை மறக்க வேண்டாம். குளிர்ந்த அறையில் அடைத்துக்கொண்டு நிற்பது பம்பின் குறை ஆகாது. பெரிய ஆலைகளில் அம்மோனியாவை வாயுவாகவே காற்றுக் குழாயில் சேர்க்கிறார்கள். வசதி இருந்தால் அதைப் பாருங்கள், பம்பே தேவைப்படாது.

நுரையை அடக்கச் சேர்க்கும் ஆன்டிஃபோமுக்குப் பெரிஸ்டால்டிக்கே போதும், அளவும் சொற்பம். ஒரே ஒரு எச்சரிக்கை: சிலிக்கோன் எண்ணெய் ஆன்டிஃபோமைச் சிலிக்கோன் ட்யூபில் விடாதீர்கள், ட்யூப் அதை உறிஞ்சி ஊதிப்போகும்.

இனி ப்ராத். பேட்ச் முடிந்ததும் அறுவடைக் கலனுக்கோ செல்களைப் பிரிக்கும் செபரேட்டருக்கோ தள்ளும் பம்ப். நான் பார்த்தவரை, தவறான பம்ப் அதிகம் வந்து உட்காரும் இடம் இதுதான்.

இம்பெல்லர் என்ற சக்கரம் சுழன்று திரவத்தை வெளியே வீசும் சென்ட்ரிஃபியூகல் பம்ப் விலை குறைவு, கழுவ எளிது, எல்லோருக்கும் பழக்கம். பாக்டீரியா ப்ராத் நீர்த்து இருந்தால் அது வேலை செய்யும். ஆனால் காற்றை நிறுத்தியபின்பும் ப்ராத்தில் குமிழிகள் இருக்கும். கரைந்த கார்பன் டை ஆக்சைடு வேறு, அழுத்தம் குறையும் உறிஞ்சு வாயில் வெளியே வரும். திரவத்தில் வாயு சில சதவீதம் சேர்ந்தாலே இந்த வகையின் தள்ளும் திறன் விழுந்துவிடும், இன்னும் கொஞ்சம் சேர்ந்தால் இம்பெல்லரின் நடுவில் வாயு தங்கி ஓட்டமே நின்றுவிடும். அறுவடை முடியும்வரை ஃபெர்மென்டரின் தலைப்பகுதியில் கொஞ்சம் அழுத்தம் விட்டுவைத்தால் இது ஓரளவு தணியும். இதைச் செய்தும் அடங்காத ப்ராத்துக்கு வேறு வகை தேவை.

பூஞ்சை வளர்ப்பு என்றால் கேள்வியே வேண்டாம், இரண்டு ரோட்டர்கள் எதிரெதிராகச் சுழன்று தள்ளும் ரோட்டரி லோப் பம்ப் அல்லது ஸ்க்ரூ வகை. பூஞ்சை ப்ராத் கலக்கினால் இளகும், நின்றால் இறுகும். ஆய்வகத்தில் ஒரு பிசுபிசுப்பு எண்ணை அளந்து பம்ப் விற்பவரிடம் கொடுக்கிறோம். அது எந்த வேகத்தில் கலக்கும்போது எடுத்த எண் என்று அவரும் கேட்பதில்லை, நாமும் சொல்வதில்லை. ரோட்டருக்குள் நுழைந்துவிட்டால் ப்ராத் இளகிச் சுலபமாகப் போகும். அதற்கு முன்னால், மெதுவாக நகரும் உறிஞ்சு குழாயில் அதே ப்ராத் களியாக நிற்கிறது. பம்ப் கத்துகிறது, ரோட்டர் அதிர்கிறது, எல்லோரும் பம்பைத் திட்டுகிறார்கள். உறிஞ்சு குழாயை ஒரு அளவு பெரிதாக்கி, பம்பைக் கலனின் அடி வாய்க்கு ஒட்டி இறக்கி, வாய்க்கு முன்னால் இருக்கும் எல்போ வளைவை எடுத்துவிட்டால் அதே பம்ப் அமைதியாக ஓடுவதைப் பார்க்கலாம்.

லோப் பம்ப் எனக்குப் பிடித்த பம்ப். முன் மூடியின் நட்டுகளைக் கழற்றினால் மொத்த வயிறும் கண்முன். ரோட்டர்கள் ஒன்றையொன்று தொடாது, உடலையும் தொடாது. அந்த நூலிழை இடைவெளியில்தான் இதன் எல்லாக் குணமும் இருக்கிறது. தண்ணீரை வைத்துச் சோதித்தால் இடைவெளி வழியாக நிறையப் பின்னால் வழுக்கும், சொன்ன ஓட்டம் வராது. பயந்து பெரிய பம்பாக மாற்றிவிட வேண்டாம். கெட்டியான ப்ராத் வந்ததும் வழுக்கல் குறைந்து ஓட்டம் கூடும். சென்ட்ரிஃபியூகல் இதற்கு நேர் எதிர்: தண்ணீரில் பிரமாதமாக ஓடிக் காட்டும், ப்ராத்தில் படுத்துவிடும்.

மூடியைத் திறக்கும்போது நான் மூன்று இடங்களைப் பார்ப்பேன். ரோட்டர் நுனியில் கோடு விழுந்திருந்தால் ரோட்டர் எங்கோ உரசுகிறது, தாங்கி தளர்ந்திருக்கலாம், அல்லது குழாய் பம்பை இழுத்து உடலை வளைத்திருக்கலாம். உடலின் அடியில் திரவம் தேங்கியிருந்தால் பம்ப் தவறான திசையில் படுத்திருக்கிறது; வாய்கள் மேலும் கீழுமாக வரும்படி திருப்பிப் பொருத்தினால் தானாக வடியும். மூன்றாவது, ரோட்டருக்குப் பின்னால் சீல் உட்காரும் குழி. அங்கே பழுப்பாகப் பிசின் போல ஒட்டியிருந்தால் கழுவும் நீர் அங்கே எட்டவில்லை, அடுத்த பேட்சின் தொற்று அங்கேதான் காத்திருக்கிறது. வாங்கும் முன்பே விற்பவரிடம் மூடியைக் கழற்றி இந்தக் குழியைக் காட்டச் சொல்லுங்கள். இஹெச்இடிஜி சான்று (கருவியின் சுகாதார வடிவமைப்புக்கானது), மேற்பரப்பின் மெருகு 0.8 மைக்ரான் என்றெல்லாம் காகிதத்தில் இருக்கும். அவை வேண்டும்தான், ஆனால் விரலை விட்டுத் தடவிப் பார்ப்பதற்கு அவை மாற்று இல்லை. பம்புக்குள் நீராவி விடப்போகிறீர்கள் என்றால் சூட்டுக்கான கூடுதல் இடைவெளி விட்ட ரோட்டர்களைக் கேட்டு வாங்க வேண்டும். சாதாரண ரோட்டர் 121 டிகிரியில் விரிந்து உடலில் உரசிவிடும்.

சீல் விஷயத்தில் சிக்கனம் பார்க்க வேண்டாம். அறுவடைக்குப் பின்னால் ஒற்றை மெக்கானிக்கல் சீல் போதும், அங்கே ப்ராத் இனி வளரப்போவதில்லை. ஃபெர்மென்டரோடு சேர்ந்து கிருமியற்று ஓடும் சுற்றில் பம்ப் இருந்தால் இரட்டை சீல், நடுவில் நீராவியிலிருந்து குளிர்ந்த தூய நீர், அதன் அழுத்தம் உள்ளே இருக்கும் ப்ராத்தின் அழுத்தத்தைவிடக் கூடுதலாக. கசிந்தால் தூய நீர் உள்ளே போகட்டும். அழுத்தத்தைத் தலைகீழாக வைத்து ஓட்டும் ஆலைகள் இருக்கின்றன, இரட்டை சீலுக்குக் கொடுத்த பணம் அங்கே வீண்.

விற்பனைப் பேச்சில் அடிக்கடி வருவது "எங்கள் பம்ப் செல்களை நசுக்காது" என்பது. ஈஸ்டுக்கும் பாக்டீரியாவுக்கும் இதைக் கேட்டுக் கூடுதல் பணம் கொடுக்காதீர்கள். அவற்றை உடைக்க ஹோமோஜெனைசரில் 500 பாருக்கு மேல் ஏற்றி, பல நேரம் ஒன்றுக்கு மேற்பட்ட முறை விட வேண்டியிருக்கிறது. சாதாரணப் பம்ப் அந்தச் சுவரை ஒன்றும் செய்யாது. மென்மையான பம்ப் உண்மையிலேயே தேவைப்படுவது வேறு இடத்தில். பூஞ்சை உருண்டைகள் உடைந்தால் வடிகட்டி அடைக்கும். திரள வைத்த செல்கள் செபரேட்டருக்குப் போகும் வழியில் சிதறினால் தெளிந்த நீருக்குப் பதில் கலங்கல் வரும். அங்கே மெதுவாகச் சுழலும் லோபுக்கோ ஸ்க்ரூவுக்கோ நியாயம் உண்டு.

ஸ்க்ரூ என்று நான் சொல்வது ஒற்றை ரோட்டர், அசையாத ரப்பர் உறையான ஸ்டேட்டருக்குள் சுழலும் வகை. ரெனே முவானோ 1930 வாக்கில் கண்டுபிடித்தது, பலரும் மோனோ பம்ப் என்பார்கள். செபரேட்டரிலிருந்து வரும் ஈஸ்ட் கூழுக்கு இதற்கு ஈடு இல்லை. துடிப்பில்லாமல், சீராக, கெட்டியாகத் தள்ளும். ஆனால் காலியாக ஓடினால் சில நிமிடங்களில் ஸ்டேட்டர் கருகிவிடும். ஓட்டம் இல்லை என்று காட்டும் சென்சாரும், ஸ்டேட்டரின் வெப்பம் ஏறினால் நிறுத்தும் சென்சாரும் சேர்த்தே ஆர்டர் போடுங்கள். தனியாகப் பிறகு வாங்கலாம் என்று தள்ளிப்போட்டால் அதற்குள் ஒரு ஸ்டேட்டர் போய்விடும். இன்னொன்று, கழுவும்போது குழாயில் நொடிக்கு 1.5 மீட்டர் வேகம் வேண்டும். மெதுவாக ஓடும் இந்தப் பம்பால் அதைத் தர முடியாது. பம்பைச் சுற்றி ஒரு மாற்றுக் குழாய் போட்டு, கழுவும் நீரின் பெரும்பகுதியை அதில் விட்டு, மிச்சத்தைப் பம்ப் வழியாக அனுப்ப வேண்டும். இந்த வேலை வேண்டாம் என்பவர்களுக்கு இரட்டை ஸ்க்ரூ பம்ப் இருக்கிறது. ப்ராத்துக்கு மெதுவாக, கழுவ வேகமாக என்று ஒரே பம்பே இரண்டையும் செய்யும். விலை அதிகம், ஆனால் இடம் நெருக்கமாக இருக்கும் கூடத்தில் அது நியாயமான விலை.

கடைசியாக சிஐபி, அதாவது கலனைக் கழற்றாமல் உள்ளேயே கழுவும் முறையில், கரைசல் திரும்பும் குழாயில் வைக்கும் பம்ப். கழுவும் கரைசல் கலனின் அடியிலிருந்து வரும்போது பாதி காற்றோடு வரும், 80 டிகிரியில் இருக்கும். அந்தச் சூட்டில் தண்ணீரின் ஆவியழுத்தமே கிட்டத்தட்ட அரை வளிமண்டலம். சாதாரண சென்ட்ரிஃபியூகல் பம்ப் அங்கே உறிஞ்ச முடியாமல் சரளைக்கல் கொட்டுவது போலச் சத்தம் போடும், கலனின் அடியில் காரம் தேங்கி நிற்கும், கழுவினோம் என்று பதிவேட்டில் எழுதிவிட்டுப் போவோம். காற்றோடு சேர்த்தே இழுக்கும் லிக்விட் ரிங் வகையை இந்த இடத்துக்கு வாங்குங்கள். மின்சாரம் கூடுதலாகத் தின்னும், சத்தமும் உண்டு. அதற்காக இதைத் தள்ளிவைக்க வேண்டாம், கலன் காலியாகிறது.